வெப்பம் எங்கிருந்து வருகிறது? ரேடியோ தொலைநோக்கியின் ஏற்பிகள் பற்றி ஓர் உரை

(தூத்துக்குடியில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு மலைச்சரிவின் மேல், வடக்கு தெற்காக, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வளைந்த கம்பித்தளம் நிற்கிறது. 24 எஃகுச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். 1970-இலிருந்து வேலை செய்துவரும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி அது. அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப் அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சரிவின் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றாக, ஏறத்தாழ 11 பாகையாக இருந்ததுதான். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். மலையைச் செதுக்காமல், மலையே கருவியின் ஒரு பாகமாகும்படி செய்த வேலை.

அங்கே போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பிரம்மாண்டமான கம்பித்தளத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் இன்று பேச வந்திருப்பது அதைப் பற்றி அல்ல. கம்பித்தளம் அலைகளைக் குவிக்கிற கோட்டில், வரிசையாக 1,056 சிறிய இருமுனை அலைவாங்கிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பதைத்தான் ஏற்பி, அதாவது ரிசீவர் என்கிறோம். தொலைநோக்கியின் கண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஏற்பி மந்தமாக இருந்தால் பயனில்லை. ஏற்பியை மந்தமாக்குவது பெரும்பாலும் ஒன்றுதான்: வெப்பம்.

சற்று விளக்கமாகச் சொல்கிறேன். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளின் வலிமையை அளக்க வானியலாளர்கள் வைத்திருக்கும் அலகு ஜான்ஸ்கி. ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு ஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் விழும் ஒரு வாட்டை, 1-க்குப் பின் 26 சுழியம் போட்ட எண்ணால் வகுத்தால் வருவது ஒரு ஜான்ஸ்கி. இன்று நாம் ஆராயும் பொருள்கள் பல அந்த ஒரு ஜான்ஸ்கியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மறுபுறம், சூடுள்ள எந்தப் பொருளும் ரேடியோ அலைகளை வெளியிடுகிறது. இந்தச் சுவர், இந்த மேசை, உங்கள் உடம்பு, என் உடம்பு எல்லாமே. 1928-இல் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்து காட்டினார், நைகுவிஸ்ட் கணக்கால் விளக்கினார். மின்தடை ஒன்றை எதனோடும் இணைக்காமல் மேசையில் வைத்தாலும், அதற்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைபாய்கின்றன, அந்த அலைபாய்ச்சல் இரைச்சலாக வெளியே வருகிறது. வெப்பநிலை எவ்வளவோ, இரைச்சலும் அவ்வளவு. அதனால்தான் ஏற்பி கட்டுகிறவர்கள் இரைச்சலை வாட்டில் சொல்வதில்லை, கெல்வினில் சொல்கிறார்கள். "இந்தப் பெருக்கி 5 கெல்வின்", "அந்தக் கேபிள் 7 கெல்வின்" என்றுதான் பேச்சு நடக்கும்.

ஆக, ஏற்பியை வடிவமைப்பது என்பது ஒரு வரவுசெலவுக் கணக்கு. வானம் எத்தனை கெல்வின் தருகிறது? காற்றுமண்டலம் எத்தனை? குவிதட்டின் விளிம்பைத் தாண்டிப் போகும் பார்வை, 300 கெல்வினில் இருக்கும் தரையைத் தொட்டு எத்தனை சேர்க்கிறது? பெருக்கிக்கு முன்னால் இருக்கும் கம்பியும் இணைப்பும் எத்தனை? பெருக்கி தானே எத்தனை? இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போடத் தெரிந்தவர்தான் நல்ல வடிவமைப்பாளர். குளிர வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் அதுதான், இனி வருவதெல்லாம் அதற்கான சான்றுகள்.

கணக்கைச் சரியாகப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1964-65-இல் அமெரிக்காவின் ஹோம்டெல் என்னும் இடத்தில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு கொம்பு வடிவ அலைவாங்கியை வைத்துக்கொண்டு வானத்தின் இரைச்சலை அளந்தார்கள். அவர்களிடம் திரவ ஹீலியத்தால் குளிர்வித்த ஒப்பீட்டுக் கலம் இருந்தது. கருவியின் ஒவ்வொரு பாகமும் எத்தனை கெல்வின் தருகிறது என்று தனித்தனியாக அளந்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கழித்த பிறகு ஏறத்தாழ மூன்றரை கெல்வின் மிச்சமிருந்தது. எங்கே திருப்பினாலும், பகலோ இரவோ, கோடையோ குளிரோ, அதே மிச்சம். பிரபஞ்சம் தோன்றிய வெடிப்பின் எஞ்சிய வெப்பம் அது. 1978-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. தங்கள் கணக்கில் பத்து கெல்வின் பிழை வைத்திருந்தவர் எவரும் அந்த மூன்றரை கெல்வினைக் கண்டிருக்க முடியாது.

இப்போது முத்தோரைக்குத் திரும்புவோம். ஊட்டித் தொலைநோக்கி இயங்குவது 326.5 மெகாஹெர்ட்ஸில். உங்கள் ஊரோடு இதற்கு ஒரு தொடர்பு உண்டு. டியூட்டீரிய அணுவின் நிறமாலைக் கோடு 327.4 மெகாஹெர்ட்ஸில் வருவதால், அதை ஒட்டிய அலைவரிசைப் பட்டை உலகெங்கும் வானியலுக்கென்று காக்கப்படுகிறது. அதே டியூட்டீரியத்தைக் கனநீராகப் பிரித்தெடுக்கக் கட்டிய ஆலை, 1970-களின் கடைசியிலிருந்து தூத்துக்குடியில் இருக்கிறது.

இந்த அலைவரிசையில் வானம் எவ்வளவு சூடு? பால்வெளி மண்டலத்தில் ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. அலைவரிசை குறையக் குறைய அந்த உமிழ்வு வேகமாக ஏறுகிறது. 327 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் குளிர்ந்த பகுதியே முப்பது நாற்பது கெல்வின். பால்வெளியின் மையத் திசையில் பல நூறு. அப்படியிருக்கும்போது பெருக்கியைக் குளிர்வித்து 30 கெல்வினை 5 ஆக்கினால் ஓரளவு பலன் கிடைக்கும், ஆனால் 1,056 அலைவாங்கிகளுக்குக் குளிர்கலம் கட்டும் செலவுக்கு ஈடாகாது. ஸ்வரூப்பின் குழு குளிர்வித்தலைத் தொடவே இல்லை. அது வறுமையால் வந்த முடிவு என்று சிலர் நினைக்கிறார்கள். அல்ல, அது சரியான கணக்கு.

அவர்கள் இரைச்சலை வேறோர் இடத்தில் பிடித்தார்கள். அதைப் புரிந்துகொள்ள ஒரு விதி தெரிய வேண்டும். 1944-இல் ஃப்ரீஸ் எழுதியது: தொடர்ச்சியாக இணைத்த பல பெருக்கிகளில், முதலாவதன் இரைச்சல்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. அதற்கு முன்னால் வரும் இழப்பு அதைவிடக் கொடியது. அறை வெப்பநிலையில் இருக்கும் கேபிள் ஒன்று சமிக்ஞையில் நூற்றுக்கு இரண்டேகால் பங்கை விழுங்கினால், அது ஏறத்தாழ 7 கெல்வின் இரைச்சலைத் திருப்பித் தருகிறது. தொடக்கத்தில் ஊட்டியில் பல அலைவாங்கிகளின் சமிக்ஞைகளைக் கேபிள்களால் ஒன்று சேர்த்த பிறகே பெருக்கிக்குக் கொண்டுபோனார்கள். 1990-களின் தொடக்கத்தில் செல்வநாயகம், வேலுசாமி முதலியோர் அடங்கிய குழு அதை மாற்றியது. ஒவ்வோர் அலைவாங்கிக்கும் அதன் முதுகிலேயே ஒரு குறை இரைச்சல் பெருக்கி, ஆக 1,056 பெருக்கிகள். குளிர்விக்கும் இயந்திரம் ஒன்றுகூட வாங்காமல், பெருக்கியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றியதால் மட்டுமே தொலைநோக்கியின் கூர்மை வெகுவாகக் கூடியது. தமிழ்நாட்டில் நடந்த பொறியியல் வேலைகளில் இதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பல கற்றை என்ற எண்ணமும் அங்கே தொடக்கத்திலிருந்தே இருந்தது. அலைவாங்கிகளிலிருந்து வரும் சமிக்ஞைகளை வெவ்வேறு தாமதங்களோடு கூட்டினால், ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைகளைப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும் ஒவ்வொரு திசையும் ஒரு கற்றை. ஊட்டியில் இப்படி 12 கற்றைகள், வடக்கு தெற்காக மூன்று மூன்று கலை இடைவெளியில். ஒரு பாகையில் அறுபது கலை. 12 கற்றைகளும் சேர்ந்து 36 கலை. நிலவின் வட்டம் ஏறத்தாழ 30 கலை. நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைத்துத் திறக்கும் நொடியைப் பிடித்து, அந்த மூலத்தின் அளவைக் கணிப்பதுதான் தொலைநோக்கியின் முதல் வேலை. அந்த வேலைக்கு எத்தனை கற்றை தேவையோ அத்தனை கற்றை. தொலைதூர ரேடியோ மண்டலங்களின் கோண அளவுகளை வைத்து ஸ்வரூப்பும் விஜய் கபாகியும் 1975-இல் காட்டிய முடிவு, பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவருகிறது என்ற கொள்கைக்கு வலுச் சேர்த்தது.

இப்போது அலைவரிசையை மேலே ஏற்றுவோம். 1,420 மெகாஹெர்ட்ஸ், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளம். பிரபஞ்சத்தில் மிகுதியாக உள்ள ஹைட்ரஜன் அணு தானாக உமிழும் அலை இது. இங்கே கணக்கு தலைகீழாகிறது. பிரபஞ்சப் பின்னணி 2.7 கெல்வின், பால்வெளியின் பங்கு பெரும்பாலான திசைகளில் ஒன்றோ இரண்டோ கெல்வின், காற்றுமண்டலம் இன்னும் சில கெல்வின். வானம் ஒரு கைப்பிடி கெல்வின்தான் தருகிறது. அறை வெப்பநிலையில் இயங்கும் பெருக்கியும் அதற்கு முன்னால் உள்ள உலோகப் பாகங்களும் சேர்ந்து ஐம்பது அறுபது கெல்வின் போட்டுவிட்டால், நாம் கேட்பது வானத்தை அல்ல, நம் சொந்தக் கருவியை.

மொத்த இரைச்சல் 80 கெல்வினாக இருக்கும் ஒரு தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குளிர்வித்து 20 ஆக்கினால் நான்கு மடங்குதானே லாபம் என்று தோன்றும். இல்லை. இரைச்சலைச் சராசரியாக்கிக் குறைப்பது காலத்தின் வர்க்கமூலத்தில் நடக்கிறது. நான்கு மடங்கு இரைச்சலை ஈடுகட்டப் பதினாறு மடங்கு நேரம் வேண்டும். பதினாறு நாளில் செய்த வேலையைக் குளிர்வித்த ஏற்பி ஒரே நாளில் செய்யும். குவிதட்டின் பரப்பைக் கூட்டியும் இதே பலனைப் பெறலாம், ஆனால் நான்கு மடங்கு பரப்பு வேண்டும். 64 மீட்டர் விட்டத்தை 128 ஆக்க வேண்டும். எஃகின் விலையும் குளிர்கலத்தின் விலையும் ஒப்பிடக்கூடியவையே அல்ல.

குளிர்விப்பது எப்படி? நமக்கு வேண்டியது 15 முதல் 20 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 250 பாகை செல்சியஸுக்கும் மேல். இந்தக் குளிர் உங்களுக்கு அந்நியமானது அல்ல. இங்கிருந்து தென்மேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதிக்கும்போது பாயும் திரவ ஹைட்ரஜன் இதே 20 கெல்வினில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே குளிர்திரவம் லாரி லாரியாகச் செலவாகும். தொலைநோக்கியின் குவிமையத்தில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கணக்கில் நிற்காமல் இயங்க வேண்டும். அதனால் மூடிய சுற்றில் ஓடும் ஹீலியம் வாயுக் குளிர்விப்பான் பயன்படுகிறது. கிஃபோர்டு, மக்மஹோன் என்ற இருவரின் பெயரால் அழைக்கப்படும் முறை. கீழே கம்ப்ரஸர் ஹீலியத்தை அழுத்துகிறது, வளையும் குழாய்கள் வழியாக அது மேலே ஏறுகிறது, அங்கே விரிவடைந்து குளிர்கிறது, திரும்பி வருகிறது. இரண்டு படிநிலைகள்: முதற்படி 70 கெல்வின் வாக்கில், இரண்டாம் படி 15, 20. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் கம்ப்ரஸரோடு பழகியவர்களுக்கு இந்த இயந்திரத்தின் ஓசையும் குணமும் அரை நாளில் பிடிபட்டுவிடும்.

கடினம் குளிர்விப்பானில் இல்லை, குளிரைக் காப்பதில் இருக்கிறது. வெப்பம் மூன்று வழியாக உள்ளே வரப் பார்க்கும். காற்று வழியாக வருவதைத் தடுக்கக் கலத்தைக் காற்றில்லாததாக்குகிறோம். வேக்கம் பம்ப் பெரும்பகுதியை இழுத்துவிடும், மிச்சத்தைக் குளிர்ந்த பரப்பே உறைய வைத்துப் பிடித்துக்கொள்ளும், அதற்கென்று உள்ளே கரித்தூளும் வைப்பதுண்டு. கதிர்வீச்சாக வருவதற்கு, அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்கடுக்காகச் சுற்றுகிறோம், நடுவே 70 கெல்வினில் ஒரு கவசம் நிறுத்துகிறோம். மூன்றாவது கடத்தல். இதுதான் பொறியாளரின் பொறுமையைச் சோதிப்பது. பெருக்கிக்கு மின்சாரம் போக வேண்டும், சமிக்ஞை வெளியே வர வேண்டும், எல்லாவற்றையும் எதன் மேலாவது தாங்கி நிறுத்தவும் வேண்டும். செம்பு நல்ல மின்கடத்தி, அதனாலேயே நல்ல வெப்பக்கடத்தி. ஆகவே சுவர் மெலிந்த துருப்பிடிக்காத எஃகுக் கேபிள்கள், கண்ணாடியிழைத் தாங்கிகள் என்று ஒவ்வொரு பாகத்திலும் மின்னுக்கும் வெப்பத்துக்கும் இடையே சமரசம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு சன்னலும் வேண்டும். வானத்து அலை உள்ளே நுழைய வேண்டுமே! அந்தச் சன்னல் ரேடியோ அலைக்குத் தடையாகவே இருக்கக்கூடாது, காற்றை மட்டும் அறவே தடுக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சன்னலின் மேல் காற்றுமண்டலம் கிட்டத்தட்ட மூன்று டன் எடையால் அழுத்துகிறது. மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதைத் தாங்க அடர்த்தி குறைந்த நுரைப்பலகை என்று பல உத்திகள் உண்டு. தடிமனாக்கினால் சன்னலே இரைச்சல் போடும், மெலிதாக்கினால் உள்ளே வளைந்துவிடும். ஒரு குளிர்கலத்தைத் திறந்து மூடினால் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் போதும், நாள்கணக்கில் லீக் தேட வேண்டியிருக்கும். இந்த வேலையில் கைச்சுத்தம் கணிதத்தைவிடக் குறைந்த தகுதி அல்ல.

உள்ளே இருக்கும் பெருக்கிக்கு வருகிறேன். சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டரை 20 கெல்வினுக்குக் கொண்டுபோனால், மின்சாரத்தைக் கடத்த வேண்டிய எலெக்ட்ரான்கள் தத்தம் அணுக்களோடு உறைந்துவிடும். 1979-80-இல் ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தில் தகாஷி மிமுரா ஹெம்ட் என்ற டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார். அதில் எலெக்ட்ரான்கள் கலப்பில்லாத ஒரு தனி அடுக்கில் ஓடுவதால் உறைவதில்லை, குளிரக் குளிர இன்னும் விரைவாக ஓடுகின்றன. அந்தக் கண்டுபிடிப்பு முதன்முதலில் வணிகப் பொருளானது கைப்பேசியில் அல்ல. 1985-இல் நோபேயாமா ரேடியோ தொலைநோக்கியின் குளிர்வித்த பெருக்கியில்தான். இன்று ஒவ்வொரு டிஷ் ஆன்டெனாவிலும் அதன் வாரிசு இருக்கிறது.

இனி பல கற்றைக்கு வருவோம். குவிதட்டு ஒரு நேரத்தில் வானத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கிறது. 64 மீட்டர் தட்டுக்கு 21 சென்டிமீட்டரில் அந்தப் புள்ளியின் அகலம் 14 கலை. முழு வானத்தையும் இப்படிப் புள்ளி புள்ளியாகத் துழாவினால் ஆயுள் போதாது. முத்துக்குளிப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கடற்கரையில் அது கடைசியாக நடந்தது 1961-இல், அவையில் உள்ள மூத்தவர்கள் சிலர் அதைப் பார்த்திருக்கலாம். பழைய பதிவுகளில், ஒரு தோணிக்கு ஐந்து மூழ்குகல், ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்று பத்துக் குளியாளர்கள் போனதாக இருக்கிறது. முத்துப்பாருக்குத் தோணியைக் கொண்டுபோய் நிறுத்தும் செலவு ஒருவர் குளித்தாலும் அதே, பத்துப் பேர் குளித்தாலும் அதே. அப்படியானால் ஒருவரை மட்டும் இறக்கிவிட்டு மற்றவர்கள் தோணியில் உட்கார்ந்திருப்பானேன்? தட்டும் அதைத் திருப்பும் பொறியும்தான் பெரிய செலவு. குவிமையத்தில் ஒரு கொம்புக்குப் பதிலாகப் பல கொம்புகளை வைத்தால், ஒவ்வொன்றும் சற்று விலகிய ஒரு திசையைப் பார்க்கும்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிஎஸ்ஐஆர்ஓ என்னும் அந்நாட்டு அறிவியல் அமைப்பு 1997-இல் பொருத்திய ஏற்பிதான் இந்த வகையில் வழிகாட்டி. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதற்கு வெளியே ஆறு என்று 13 கொம்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைவாக்கத் திசைகள், ஆக 26 பெருக்கிகள், எல்லாம் ஒரே குளிர்கலத்துக்குள். மொத்த இரைச்சல் 21 கெல்வின் வாக்கில். என் பழைய கணக்கின்படி பதினாறை 13-ஆல் பெருக்கிப் பாருங்கள். குளிர்விக்காத ஒற்றைக் கற்றை ஏற்பிக்கு 208 நாள் பிடிக்கும் வேலை, இதற்கு ஒரு நாள்.

இதிலும் விலை கொடுக்காமல் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கொம்பு தட்டின் உட்பகுதியை மட்டும் பார்க்க வேண்டும், விளிம்பைத் தாண்டித் தரையைப் பார்த்துவிடக்கூடாது. அதன் பார்வையில் நூற்றில் ஒரு பங்கு தரையில் விழுந்தாலே 3 கெல்வின் சேர்ந்துவிடும். பார்வையைக் குறுக்கக் கொம்பின் வாயை அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் பக்கத்துக் கொம்பு தள்ளிப் போகிறது. அதனால்தான் பார்க்ஸில் அடுத்தடுத்த கற்றைகளுக்கு இடையே 29 கலை, கற்றையின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விழுந்தது. இடையில் விட்டுப்போன வானத்தை நிரப்ப, அடுக்கு முழுவதையும் 15 பாகை திருப்பிவைத்து வருடிச் செல்லும் உத்தியைக் கையாண்டார்கள்.

அந்த ஏற்பி தந்ததைப் பட்டியல் போட மாட்டேன், இரண்டை மட்டும் சொல்கிறேன். 2001 ஜூலை 24 அன்று சிறு மெகல்லன் மண்டலத்துக்கு அருகே வானத்திலிருந்து ஒரு துடிப்பு வந்தது, ஐந்து மில்லி நொடிக்கும் குறைவாக. யாரும் கவனிக்கவில்லை. தரவுகள் நாடாவில் உறங்கின. 2007-இல் டங்கன் லோரிமரும் அவரது குழுவினரும் பழைய பதிவுகளைத் துழாவியபோது அது கண்ணில் பட்டது. அது 13 கற்றைகளில் மூன்றில் மட்டும் பதிந்திருந்தது. அதனாலேயே வானத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து வந்தது என்று வாதிட முடிந்தது. வேக ரேடியோ வெடிப்புகள் என்ற ஒரு துறையே அந்தப் பதிவிலிருந்து பிறந்தது.

இரண்டாவது அதன் மறுபக்கம். அதே தொலைநோக்கியில் அதைப் போலவே தோற்றமளித்த வேறு சில துடிப்புகள் 13 கற்றைகளிலும் ஒரே நேரத்தில் பதிந்தன. வானத்துப் பொருள் அப்படிப் பதியாது. 2015-இல் எமிலி பெட்ரோஃப் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, ஓடி முடிவதற்குள் யாரோ திறந்ததால் வெளிப்பட்ட அலை. ஒற்றைக் கற்றை மட்டும் இருந்திருந்தால் லோரிமரின் வெடிப்பையும் அடுப்பின் துடிப்பையும் பிரித்தறிவது மிகக் கடினமாக இருந்திருக்கும். பல கற்றை வேகத்துக்காக மட்டும் அல்ல, சான்றின் நம்பகத்துக்காகவும்தான் என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பார்க்ஸுக்குப் பிறகு அதே சிஎஸ்ஐஆர்ஓ அரெசிபோ தொலைநோக்கிக்கு 7 கற்றை ஏற்பியும், சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கிக்கு 19 கற்றை ஏற்பியும் செய்து கொடுத்தது. அடுத்த படி, கொம்புகளையே விட்டுவிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட சிறு அலைவாங்கிகளை நெருக்கமாக அடுக்கி, கணினியில் கூட்டிக் கற்றைகளை உருவாக்குவது. இடைவெளிச் சிக்கல் அதில் தீர்கிறது. ஆஸ்திரேலியாவின் அஸ்காப் தொலைநோக்கியின் 36 தட்டுகளில் ஒவ்வொன்றிலும் 36 கற்றைகள் இப்படித்தான். அவை குளிர்விக்காதவை. அத்தனை அலைவாங்கிகளைக் குளிர்விக்க வேண்டுமானால் பெரிய சன்னல் வேண்டும், உள்ளே போகும் ஒவ்வொரு கம்பியும் வெப்பத்தைக் கொண்டுவரும். இப்போது பார்க்ஸுக்காக 72 கற்றைகளோடு குளிர்வித்த அடுக்கே செய்துவிட்டார்கள். ஊட்டி 1970-இல் நீளவாக்கில் செய்ததை, இவர்கள் குளிர்கலத்துக்குள் இரு திசையிலும் செய்திருக்கிறார்கள்.

நம் நாட்டில்? புனேவுக்கு வடக்கே கோடாட் என்னும் ஊரை மையமாகக் கொண்ட ஜிஎம்ஆர்டி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளோடு உலகின் முன்னணிக் கருவிகளில் ஒன்று. அதன் ஏற்பிகள் குளிர்விக்காதவை. ஸ்வரூப் அதைத் திட்டமிட்டபோது மீட்டர் அலைநீளங்களுக்கென்றே திட்டமிட்டார், அங்கே வானம் சூடு, ஆகவே அது நியாயம். ஆனால் அதன் மேல்பட்டை 1,460 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது, அங்கே அந்த நியாயம் செல்லாது. தட்டு ஒவ்வொன்றிலும் பல கற்றை அடுக்குகளைப் பொருத்தும் திட்டம் 2019-இல் ஆய்விதழில் விரிவாக முன்வைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் நடுவண் அரசு, எஸ்கேஏ என்னும் பன்னாட்டுத் தொலைநோக்கியில் இந்தியா பங்கேற்க 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. தென்னாப்பிரிக்காவில் அமையும் அதன் தட்டுகளைப் பாருங்கள்: 350 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் முதற்பட்டைக்குக் குளிர்விக்காத ஏற்பி, அதற்கு மேலான பட்டைகளுக்குக் குளிர்வித்தவை. ஸ்வரூப் போட்ட அதே கணக்கு, அதே விடை.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். 20 கெல்வின் குளிரை ராக்கெட்டுக்காகக் கையாளத் தெரிந்த நாடு, ஆயிரம் அலைவாங்கிகளுக்கு ஆயிரம் பெருக்கிகள் செய்யத் தெரிந்த நாடு, குளிர்வித்த பல கற்றை ஏற்பியை வெளியிலிருந்து வாங்கும் நிலையில் நிற்கக்கூடாது. இரண்டு திறமைகளும் இருக்கின்றன, இரண்டும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன, ஆனால் வெவ்வேறு கூரைகளுக்குக் கீழே. ஒரே ஆய்வகத்தில் அவர்களை உட்காரவைக்கும் பயிற்சி நம் பொறியியல் கல்லூரிகளில் தொடங்க வேண்டும்.

மாணவர்கள் சிலர் இங்கேயே ஒரு தொலைநோக்கி வைக்கலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார்கள். பெரிய தொலைநோக்கிக்குத் தூத்துக்குடி பொருந்தாது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் 156.8 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன, 162-ஐ ஒட்டித் தங்கள் இருப்பிடத்தை ஓயாமல் அறிவிக்கின்றன, 9.4 கிகாஹெர்ட்ஸில் ரேடார் சுழல்கிறது. ஆனால் 1,400 முதல் 1,427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகில் யாரும் அலைபரப்பக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்தப் பட்டையில் ஒரு பள்ளிக்கூடம் பால்வெளியின் ஹைட்ரஜனைக் கேட்க முடியும். 1951-இல் யூவன், பர்செல் என்ற இருவர் முதன்முதலில் அதைக் கேட்டதே ஓர் ஒட்டுப்பலகைக் கொம்பை ஆய்வக சன்னலுக்கு வெளியே நீட்டித்தான். இன்று தகரத்தில் ஒரு கொம்பு, அதன் வாயிலேயே ஒரு பெருக்கி, யுஎஸ்பியில் செருகும் ஒரு சிறு ரிசீவர், ஒரு மடிக்கணினி போதும்.

கட்டி முடித்ததும் ஹைட்ரஜனைத் தேட ஓடாதீர்கள். முதலில் உங்கள் கருவியின் சொந்த வெப்பத்தை அளந்துகொள்ளுங்கள். கொம்பை 300 கெல்வினில் இருக்கும் ஒரு பொருளை நோக்கித் திருப்பி ஓர் அளவு, உச்சி வானத்தை நோக்கி ஓர் அளவு. வானத்தை 10 கெல்வின் என்று வைத்துக்கொண்டால், ஏற்பி 100 கெல்வினாக இருக்கும்போது 400-க்கு 110, விகிதம் 3.6. ஏற்பி 40 கெல்வின் என்றால் 340-க்கு 50, விகிதம் 6.8. அந்த விகிதத்திலிருந்து உங்கள் ஏற்பியின் கெல்வினைப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

இந்த ஊரில் ஓர் எச்சரிக்கை. அந்த 300 கெல்வினுக்காகக் கொம்பை உப்பளத்துப் பாத்தியையோ கடலையோ நோக்கித் திருப்பாதீர்கள். உப்புநீர் இந்த அலையைப் பெருமளவு வானத்தை நோக்கியே திருப்பி அனுப்பிவிடும். கையைச் சுடும் வெயிலில் கிடக்கும் கடல்கூட இந்தப் பட்டையில் ஏறத்தாழ 100 கெல்வினாகத்தான் தெரியும். எவ்வளவு உப்போ அதற்கேற்ப அந்த எண் சற்று மாறும். 2009-இல் ஐரோப்பா அனுப்பிய ஸ்மோஸ் செயற்கைக்கோள் இதே பட்டையில் அந்தச் சிறு மாற்றத்தை அளந்துதான் உலகக் கடல்களின் உப்புத்தன்மையை வரைகிறது. ஆகவே அடர்ந்த மரங்களின் கூட்டத்தையோ தடித்த சுவரையோ நோக்கித் திருப்புங்கள், விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பால்வெளி உச்சிக்கு வரும் நேரம் பார்த்து 1,420.4-இல் தேடுங்கள்.